ஓர் அஞ்சல்தலைக்கு மூன்று தேதிகள்

என்னிடம் உள்ள அஞ்சல்தலைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானதை விற்கப்போனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. 1968 அக்டோபர் 21 அன்று இந்தியா வெளியிட்ட 20 பைசாத் தலை அது. நீல நிறம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பிரகடனம் வாசிக்கும் காட்சி. ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) என்ற அவருடைய தற்காலிக அரசாங்கம் அமைந்து 25 ஆண்டுகள் நிறைவுற்றதற்காக வெளியிடப்பட்டது. அந்தப் பிரகடனம் வாசிக்கப்பட்டது டில்லியிலும் அல்ல, கல்கத்தாவிலும் அல்ல. இங்கே, சிங்கப்பூரில், கேத்தே திரையரங்கில், 1943 அக்டோபர் 21 அன்று.

இந்தத் தலை எனக்கு ஆல்பத்தில் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து அத்தை எங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் உறையில், வேறு இரண்டு தலைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தது. முத்திரையில் 1969 என்பது தெளிவாகத் தெரிகிறது. அத்தை எழுதியிருந்ததெல்லாம் நெல் விலை, சித்தப்பா மகளுக்கு வந்த வரன், அப்பா அனுப்பிய பணம் வந்து சேர்ந்த விவரம், இவ்வளவுதான். அஞ்சலகத்தில் கொடுத்த தலையை வாங்கி ஒட்டியிருப்பார். சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்வின் படம் சிங்கப்பூருக்கே கடிதமாக வந்து சேர்ந்ததை அவரும் கவனித்திருக்க மாட்டார், அப்பாவும் கவனித்திருக்க மாட்டார்.

அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நான் இன்றுவரை விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கம் தொடங்கியது. நினைவு அஞ்சல்தலை எது கைக்கு வந்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று தேதிகளை எழுதுவேன். நிகழ்வு நடந்த நாள். தலை வெளியான நாள். முத்திரை விழுந்த நாள். அத்தையின் கடிதத்துக்கு 1943, 1968, 1969. முதல் தேதியைத் தலையே உரக்கச் சொல்லிவிடும். நம்முடைய வேலை இரண்டாவது தேதியில் இருக்கிறது. அந்த ஆண்டில், அந்த நாளில், ஆட்சியில் இருந்தவர்கள் ஏன் இதை நினைவுகூர விரும்பினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நினைவு அஞ்சல்தலை, நடந்த நிகழ்வைக் காட்டிலும் அது வெளியான ஆண்டைப் பற்றித்தான் அதிகம் சாட்சி சொல்கிறது என்பது பல ஆண்டுச் சேகரிப்பில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

நேதாஜி தொடர்பான தலைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கேயே ஓர் எச்சரிக்கை. ஆசாத் ஹிந்த் பெயரில் 1943இல் ஜெர்மனியில் அச்சிடப்பட்ட தலைகள் உண்டு. அவை விற்பனைக்கு வரவே இல்லை. எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யவில்லை. அந்தத் தலை ஒன்றை அஞ்சல் முத்திரையோடு காட்டி, “பயன்படுத்தப்பட்டது” என்று சொல்லி யாராவது விலை பேசினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நிகழ்வு ஒன்று, நினைவு இரண்டு என்பதற்கு என்னிடம் உள்ள ஆகக் கடுமையான சான்று பிப்ரவரி 15. 1942இல் அந்த நாளில், புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 பிப்ரவரி 15 அன்று, ஜப்பானிய நிர்வாகம் இரண்டு தலைகளை வெளியிட்டது. ஒன்று 8 காசு, மற்றது 15 காசு. “மலாயாவின் மறுபிறப்பு” என்பது அவற்றின் கருப்பொருள். மலாயா வரைபடமும் நெல் நடவுக் காட்சியும் படத்தில் இருக்கின்றன. ஊதா நிற 8 காசுத் தலையை உருப்பெருக்கி வழியே பார்த்தால் வயலில் குனிந்து நடுகிறவர்கள் தெரிவார்கள். அந்த நாட்களில் இந்தத் தீவில் அரிசிக்குப் பட்ட பாட்டை எங்கள் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே காலம் தள்ளியவர்கள் கையில் நெல் வயல் படம் போட்ட தலையைக் கொடுத்து “மறுபிறப்பு” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதே பிப்ரவரி 15ஐ இன்று நாம் வேறு விதமாக நினைவுகூர்கிறோம். பீச் சாலையில் போரில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம் 1967இல் அதே தேதியில்தான் திறக்கப்பட்டது. 1998 முதல் அது முழுமைத் தற்காப்பு தினம். பள்ளிப் பிள்ளைகள் எச்சரிக்கைச் சங்கொலியைக் கேட்டு நிற்கிறார்கள். 1995இல் போர் முடிந்த 50ஆம் ஆண்டு நிறைவுக்குச் சிங்கப்பூர் தனியாகத் தலைகள் வெளியிட்டது. 1944 தலையையும் 1995 தலைகளையும் ஒரே பக்கத்தில் நான் வைத்திருக்கிறேன். விளக்கமே தேவைப்படாத பக்கம் அது.

ஆக்கிரமிப்புக் காலத் தலைகளை வாங்க நினைப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் பொறுமையை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஜப்பானியர்கள் புதிய தலை அச்சிடவில்லை. இருப்பில் கிடந்த, நீரிணைக் குடியேற்றம் என்ற சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் தலைகளின்மேல், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தின்மேலேயே, கைமுத்திரை குத்தி விற்றார்கள். பிறகு “டாய் நிப்பான் (பெரும் ஜப்பான்) 2602 மலாயா” என்று மேலச்சு, அதாவது தலையின்மேல் அச்சிட்ட வாசகம், வந்தது. 2602 என்பது ஜப்பானிய முறையில் 1942. மலிவான அசல் தலையின்மேல் போலி முத்திரை குத்துவது எளிது, போலிகளும் ஏராளம். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே பழைய நாணயமும் தலையும் விற்றுக்கொண்டிருந்த நாகூர்க்காரர் ஒருவரிடம்தான் இதை நான் கற்றேன். நானா என்று அழைப்பேன். கைமுத்திரைத் தலை எதையும் அவர் வெயிலுக்கு நேரே பிடிக்காமல், சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். “மை தாளுக்குள்ளே இறங்கியிருக்கிறதா, மேலே மிதக்கிறதா என்று பார், தங்கச்சி. அஞ்சல் முத்திரைக்கு மேலே இந்த மை ஏறியிருந்தால் அது பின்னால் குத்தியது” என்பார். வரிசையைக் கவனிக்கச் சொன்னார். முதலில் மேலச்சு, பிறகு அஞ்சல் முத்திரை. அது மாறியிருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி ஐயம் இருந்தால், பெரிய தொகைக்கு வாங்கும்போது நிபுணர் குழுவின் சான்றிதழ் கேட்டுப் பெறுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

சிங்கப்பூரின் சொந்த வரலாற்றில் நான் அதிக நேரம் செலவிட்டது 1969 வரிசையோடு. நவீன சிங்கப்பூர் நிறுவப்பட்ட 150ஆம் ஆண்டுக்கான ஆறு தலைகள். அதை நிறுவிய பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியது 1819 ஜனவரி இறுதியில். சுல்தான் ஹுசேனோடும் தெமெங்கோங் (மலாய்த் தலைவர்) அப்துல் ரஹ்மானோடும் உடன்படிக்கை கையெழுத்தானது பிப்ரவரி 6இல். தலைகள் வெளியானதோ ஆகஸ்ட் 9இல்! அதாவது, வந்தவரின் 150ஆம் ஆண்டை, விடுதலை பெற்ற நாளில் வைத்துக் கொண்டாடியது நான்கு வயதுக் குடியரசு. தற்செயலான தேதி என்று நான் நம்பவில்லை.

தலைகளை விலை வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். 15 காசுத் தலையில் துறைமுகத்துக்கு மேலே பறக்கும் விமானம். 30 காசில் ஐக்கிய நாட்டுச் சின்னம். 75 காசில் மலேசியக் கூட்டமைப்புக் காலம். ஒரு வெள்ளியில் (டாலரில்) பிறையையும் நட்சத்திரங்களையும் ஏந்தி உயர்ந்த கைகள், தன்னாட்சியின் குறி. ஐந்து வெள்ளியில் ஜப்பானிய விமானத்தின் வாலும் தேடுவிளக்கின் ஒளிக்கதிர்களும். பத்து வெள்ளியில் ராஃபிள்ஸ் சிலை. விலை ஏற ஏறக் காலம் பின்னோக்கிப் போகிறது. கடிதம் எழுதுகிற சாதாரண மனிதர் கைக்குப் போவது 15 காசுத் தலை. அதில் இருப்பது அன்றைய சிங்கப்பூர். ராஃபிள்ஸைப் பார்க்கப் பத்து வெள்ளி கொடுக்க வேண்டும். இந்த அடுக்கைப் பார்த்த பிறகு, எந்த வரிசை வந்தாலும் எந்தப் படத்தை எந்த விலையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சீட்டில் குறித்துக்கொள்கிறேன். மலிவான தலை எல்லார் வீட்டுக்கும் போகும். அரசாங்கம் எல்லாரிடமும் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அந்த வரிசையோடு ஆறு தலைகளும் சேர்ந்த சிறுதாள் ஒன்றும் வந்தது. சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்கள் கண் வைக்கும் பொருள் அது. வாங்குவதானால் பின்பக்கப் பசையையும் நான்கு மூலைகளையும் கட்டாயம் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதம் முதலில் கடித்துப் பார்ப்பது அவற்றைத்தான்.

இதோடு ஒப்பிட்டால் அதற்கு முந்தைய குடியேற்றக் காலத் தலைகளை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு, விண்ட்சர் கோட்டைப் படத்தோடு பேரரசின் எத்தனையோ நாடுகளுக்கு ஒரே வடிவமைப்பு. 1948இல் அரச தம்பதியின் வெள்ளி மணவிழா. 10 காசு ஒன்று, 5 வெள்ளி ஒன்று. 1949இல் உலக அஞ்சல் ஒன்றியத்தின் 75ஆம் ஆண்டு. எல்லாமே லண்டனில் முடிவான ஆண்டுவிழாக்கள். ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. விண்ட்சர் கோட்டைத் தலை வெளியான அதே 1935இல், ஜூலை 6 அன்று, கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். அந்த ஆண்டின் எந்தச் சம்பவம் நம்மவர்களை அதிகம் பாதித்தது என்பதைத் தலைகளை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தலைகளை வரலாறு என்று நம்பிவிடக் கூடாது; பக்கத்தில் செய்தித்தாளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு நம்மிடம் அருமையான வசதி இருக்கிறது. தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பான நியூஸ்பேப்பர் எஸ்ஜியில் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். தமிழ் முரசும் அதில் இருக்கிறது. தலை வெளியான தேதியைச் சீட்டில் எழுதியவுடன், அந்த வாரத்து நாளிதழைத் திறந்துவிடுவேன். வெளியீட்டு அறிவிப்பைப் படித்துவிட்டு நிறுத்தாமல் பக்கத்துச் செய்திகளையும் படிக்கச் சொல்வேன். அரிசி விலை என்ன, எந்த வேலைநிறுத்தம் நடந்தது, எந்தக் குடியிருப்பு திறக்கப்பட்டது என்றெல்லாம் பார்த்தால்தான் அந்தத் தலையை வாங்கி ஒட்டியவரின் நாள் கண்முன் வரும்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாணவர்களோடு ஒரு கண்காட்சிச் சட்டகம் தயாரித்தோம். சேகரிப்பாளர் வழக்கில் ஒரு சட்டகம் என்றால் 16 பக்கங்கள். ஆண்டுநிறைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். குறிப்புகள் முழுவதும் தமிழில். உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். “ஆன்ட்டி, 25, 50, 100 சரி. ஒரு வருஷத்துக்கெல்லாம் யாராவது ஸ்டாம்ப் போடுவார்களா?” போட்டிருக்கிறார்கள். 1966 ஆகஸ்ட் 9 அன்று, குடியரசின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு 15, 20, 30 காசுத் தலைகள் வந்தன. இந்தியாவும் 1948 ஆகஸ்ட் 15இல், விடுதலையின் முதலாம் ஆண்டு நிறைவு நாளில், காந்தியடிகள் படத்தோடு நான்கு தலைகளை வெளியிட்டது. அவர் மறைந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிழைக்குமா என்று பயந்து வளர்த்த பிள்ளையின் முதல் பிறந்தநாளை ஊரைக் கூட்டிக் கொண்டாடும் வீட்டைப் போன்றது அது. நூறு வயதான பிறகு வருகிற தலையில் அந்தப் படபடப்பு இருக்காது. அந்தப் பெண்ணின் கேள்வியே எங்கள் சட்டகத்தின் முதல் பக்கமாக ஆனது.

ஒரு பக்கத்தைத் தமிழகத்துக்கும் ஒதுக்கினோம். கணிதமேதை ராமானுஜனுக்கு இந்தியா 1962 டிசம்பர் 22இல், 75ஆம் பிறந்தநாளில், 15 பைசாத் தலை வெளியிட்டது. வ.உ.சி.க்கு 1972 செப்டம்பர் 5இல், நூற்றாண்டு நாளன்றே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல். சிங்கப்பூரும் இந்தியாவும் 50 ஆண்டுத் தூதரக உறவைக் குறித்து 2015இல் கூட்டாக வெளியிட்ட தலைகளில் நம் அதிபர் மாளிகையான இஸ்தானாவும் டில்லியின் ராஷ்டிரபதி பவனும் இருக்கின்றன. இரு நாட்டுத் தலைகளையும் அடுத்தடுத்து வைத்தபோது பெற்றோர்கள்தான் பிள்ளைகளைவிட அதிக நேரம் அங்கே நின்றார்கள்.

குறிப்புகள் எழுதும்போது ஒரு விதி வைத்தோம்: தலையில் கண்ணால் பார்க்க முடிவதை முதல் வாக்கியத்தில் எழுது; யார் வெளியிட்டார், எப்போது என்பது இரண்டாவதில்; உன் கருத்து அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் நேராகக் கருத்துக்குத் தாவுவதை இது நன்றாகத் தடுத்தது. 2019இல் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகியோரின் சிலைகள் நிறுத்தப்பட்டதை ஒரு மாணவன் 1969இன் பத்து வெள்ளித் தலையோடு இணைத்து எழுதினான். ஐம்பது ஆண்டில் அதே நிகழ்வை நினைவுகூரும் விதம் எப்படி அகன்றிருக்கிறது என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளைக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தது எனக்குப் பெரிய நிறைவு.

இனி, பாதுகாப்பு. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தலைகளைக் கெடுப்பதில் பூச்சியைவிட இதுவே மோசம். பசை இளகி ஒட்டிக்கொள்ளும். துருப்புள்ளிகள்போல் பழுப்புப் புள்ளிகள் வரும். ஆல்பங்களைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம்போல் நிற்கவையுங்கள். இறுக்கி நெருக்க வேண்டாம். கேமரா வைக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டி சிறியதாக ஒன்று வாங்கி 50 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் போதும். மிகவும் உலர்த்தினால் தலைகள் சுருண்டுவிடும். மலிவான பிளாஸ்டிக் உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மையைப் பெயர்த்துவிடும். தலையைத் தொட இடுக்கியைப் பயன்படுத்துங்கள். லேமினேட் செய்துவிட்டால் அந்தத் தலை போனது போனதுதான்.

உறையோடு கிடைத்த தலையை ஒருபோதும் நனைத்துப் பிரிக்காதீர்கள். பிரித்தெடுத்தால் மூன்றாவது தேதி போய்விடும்; யார், எங்கிருந்து, யாருக்கு என்ற விவரமும் அதோடு போய்விடும். உறையிலிருந்து ஏற்கெனவே கத்தரித்துக் கிடைத்தவற்றை மட்டும் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கலாம். அப்போதும் வண்ணத் தாளில் இருப்பவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள், சாயம் ஏறிவிடும். தானே ஒட்டும் வகைப் புதிய தலைகள் தண்ணீருக்கு அசைந்துகொடுப்பதில்லை; சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டுக் கத்தரித்து அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் நாள் உறைகளைப் பற்றி அடிக்கடிக் கேட்கிறார்கள். அழகானவை, அவற்றில் வெளியான நாளும் முத்திரை நாளும் ஒன்றே. நான் விரும்பித் தேடுவது, அந்தத் தலை ஒட்டி ஒருவர் இன்னொருவருக்கு உண்மையில் எழுதிய கடிதத்தை. 1928 முதல் 1996 வரை ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் இயங்கிய தலைமை அஞ்சலகத்தின் வழியே எத்தனை தமிழ்க் கடிதங்கள் போயிருக்கும்! அவற்றில் பெரும்பகுதி வீடு மாறும்போது, பெரியவர்கள் மறைந்தபோது, குப்பைக்குப் போயிற்று. கோல்மன் தெருவில் 1995இல் திறக்கப்பட்ட அஞ்சல்தலை அரும்பொருளகமும் 2019இல் மூடப்பட்டு, 2022 இறுதியில் சிறுவர் அரும்பொருளகமாகத் திறந்தது. ஆகவே வீடுகளில் இருப்பதை வீடுகளே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது 1966ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு நிறைவுத் தலை ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போன ஒரு கடிதத்தை. அதை எழுதியவர் அந்த ஓராண்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று படித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலோ அப்படி ஒன்று இருந்தால், கத்தரிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். எந்தப் பேட்டையில் இருந்தாலும் நான் வந்து பார்த்து, அனுமதித்தால் படம் எடுத்துக்கொண்டு, கடிதத்தை உங்களிடமே வைத்துவிட்டு வருகிறேன்.